முந்நூறு ஈட்டிக்கு ஒரு விடுதலைப் பத்திரம்

முப்பத்திரண்டு வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கிரையம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலை, உயில் எல்லாம் எழுதியிருக்கிறேன். யார் என்ன கதை சொன்னாலும் என் காது நேரே போய் நிற்கிற இடங்கள் சில உண்டு: எழுதிக் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், பிரதிப்பிரயோஜனம் எவ்வளவு, சாட்சி யார். ஸ்பெயினில் வேலை பார்க்கும் மகள் போன வருஷம் ஒரு பழைய கல்பாலத்துக்கு என்னை அழைத்துப்போய் ஒரு வீரனுடைய கதையைச் சொன்னாள். அதிலும் எனக்கு முதலில் ஒட்டிக்கொண்டவர் அந்த வீரன் இல்லை. அவன் சண்டை போட்ட களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, தினமும் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா.

லெயோன் நகரத்துக்கு மேற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் ஓஸ்பிதால் தெ ஓர்பிகோ என்ற சிற்றூர். யாத்ரீகர்களுக்கு அங்கே ஒரு சத்திரம் இருந்ததால் வந்த பெயர். பாலம் இருநூறு மீட்டருக்கு மேல் நீளம். வளைவு வளைவாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அடியில் தண்ணீரோ ஒரு சில வளைவுகளுக்குள் அடங்கிவிடுகிறது. மற்ற வளைவுகளுக்குக் கீழே புல்தரை.

"தண்ணி இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு பெரிய பாலம்?" என்றேன்.

"மேலே அணை கட்டிட்டாங்கப்பா, 1950-கள்ல" என்றாள். நம்மூர் ஆற்றுப்பாலங்கள் ஞாபகம் வந்தன. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

கதை இதுதான். 1434-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி. காஸ்டைல் நாட்டு அரசர் இரண்டாம் ஹுவான் மெதினா தெல் காம்போ என்ற ஊரில் அவையோடு இருக்கிறார். இருபத்தைந்து வயதை ஒட்டிய ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை உள்ளே வருகிறான். பெயர் சுவேரோ தெ கிஞோனெஸ். லெயோன் பக்கத்தில் அந்தக் குடும்பத்தை மிஞ்சி ஆளில்லை. ஆனால் இவன் மூத்த பிள்ளை இல்லை, இரண்டாவது. சொத்து அண்ணனுக்குப் போகிற வீட்டில் தம்பி பேர் சம்பாதிக்கத் தனியாக வழி தேடவேண்டும் என்பது பாகப்பிரிவினை எழுதியவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. கூட வந்த கட்டியக்காரன் ஒரு மனுவை வாசிக்கிறான்.

மகள் ஸ்பானிய மொழியில் இருந்ததைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பழக்கதோஷம். பத்திர நடையில் சொன்னால் மனுவின் சாரம் இப்படி வரும்: இன்னார் குமாரன் சுவேரோ ஆகிய நான் வெகு காலமாக ஒரு சீமாட்டியின் அன்புக்குக் கைதியாக இருந்து வருகிறேன். அதற்கு அடையாளமாக வியாழக்கிழமைதோறும் கழுத்தில் இரும்பு வளையம் பூட்டிக்கொள்கிறேன். இந்தச் சிறையிலிருந்து மீள்வதற்கு நான் நிர்ணயித்திருக்கும் தொகை 300 ஈட்டிகள். யாக்கோபு திருநாளுக்கு முன் பதினைந்து நாள், பின் பதினைந்து நாள் ஓர்பிகோ பாலத்தருகே நானும் என் தோழர்கள் ஒன்பது பேரும் நிற்போம். அந்த வழியே வரும் குதிரைவீரர்கள் எங்களோடு மோத வேண்டும். 300 ஈட்டி தண்டோடு முறிந்ததும் எனக்கு விடுதலை.

அரசர் கலந்து பேசிவிட்டுச் சரி என்றார்.

அந்தக் காலத்துக் குதிரைவீரர்களின் மனசைப் புரிந்துகொண்டால்தான் இது வெறும் பைத்தியமாகத் தெரியாது. ஊர் ஊராகப் போய் சாகசம் தேடும் வீரர்களைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கதைகளில் ஒரு வீரன் ஆற்றுத்துறையிலோ பாலத்திலோ நின்றுகொண்டு, என்னோடு பொருதாமல் ஒருவரும் தாண்டக்கூடாது என்பான். கதையில் படித்ததை நிஜமாகவே நடத்திப் பார்ப்பது ஐரோப்பிய பிரபுக்களிடையே ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. 1428-இல் வல்யதோலித் நகரில் அரகோன் இளவரசர் என்ரிக்கே இப்படி ஒன்றைப் பெரும் செலவில் நடத்தினார். பின்னால் பர்கண்டியில் ழாக் தெ லாலாங் என்பவர் ஓர் ஊற்றின் பெயரால் ஒரு வருஷம் முழுக்க நடத்திப் பெரிய பேர் வாங்கினார். அவர் 1453-இல் ஒரு முற்றுகையில் பீரங்கிக் குண்டுபட்டுச் செத்தார். நேருக்கு நேர் நின்று பேர் கேட்டுச் சண்டை போடுகிற காலம் முடிந்துகொண்டிருந்தது. அதனால்தானோ என்னவோ, இவர்கள் அதை இவ்வளவு விமரிசையாக நடத்தினார்கள்.

சுவேரோவின் ஷரத்துகள் மொத்தம் 22. வக்கீல் வைத்து எழுதியது போல இருக்கிறது. வருகிறவருக்கு ஆயுதம், கவசம், குதிரை இல்லையென்றால் நானே தருவேன். ஈட்டி முனை மிலான் எஃகு. ஆளுக்கு மூன்று ஈட்டி முறியும் வரை ஓட்டம். ரத்தம் வந்தாலோ எதிரி குதிரையிலிருந்து விழுந்தாலோ அதுவும் ஒரு ஈட்டி முறிந்ததாகக் கணக்கு. காயம் பட்டவரை எனக்குப் பார்ப்பது போலவே வைத்தியம் பார்ப்பேன். மோத மனமில்லாத வீரன் ஓர் ஆயுதத்தையோ வலதுகால் குதிமுள்ளையோ விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அந்த வழியில் ஒரு சீமாட்டி வந்து, அவளுக்காக மோத ஒரு வீரன் கூட இல்லையென்றால், அவளுடைய வலதுகைக் கையுறை பறிமுதல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஷரத்து ஒன்று உண்டு. 'என் தலைவி அந்த வழியே வந்தால் அவள் கையுறை பத்திரமாக இருக்கும். அவளுக்காக மோதும் உரிமை எனக்கு மட்டுமே' என்று எழுதியிருக்கிறான். அவள் பெயரை மட்டும் எழுதவில்லை. அரசருக்கும் படைத்தலைவர் ஆல்வரோ தெ லூனாவுக்கும் விதிவிலக்கு கொடுத்திருக்கிறான். காதல் பைத்தியம்தான், ஆனால் யாரோடு மோதக்கூடாது என்பது தெளிவாகத் தெரிந்த பைத்தியம்.

இடம் பார்த்ததிலும் கெட்டிக்காரன். ஓர்பிகோ பாலம் சாந்தியாகோ யாத்திரைப் பாதையின் மேலேயே இருக்கிறது. ஐரோப்பாவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் யாக்கோபு அப்போஸ்தலரின் கல்லறைக்கு நடந்து போகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போகவேண்டும். யாக்கோபு திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழும் வருஷம் புனித வருஷம். கூட்டம் இரண்டு பங்கு. 1434 அப்படிப்பட்ட வருஷம். கடை போடுகிறவன் திருவிழா பார்த்து, தேரடி பார்த்துப் போடுவான் இல்லையா, அதே கணக்கு. பாதையை விட்டு யாரும் விலகிவிடக் கூடாது என்று லெயோன் நகரத்து சான் மார்கோஸ் பாலத்தருகே சலவைக்கல்லில் ஒரு கட்டியக்காரன் சிலை வைத்தார்கள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வழியைக் காட்டியபடி. செய்தவர் நிக்கொலாஸ் பிரான்செஸ், அந்த ஊர்ப் பேராலயத்தில் வேலை பார்த்த பெரிய கலைஞர். விளம்பரப் பலகைக்கு ஸ்தபதியைப் பிடித்திருக்கிறார்கள்!

பாலத்தருகே ஒரு தோப்பில் களம் அமைத்தார்கள். நீளம் 146 தப்படி. சுற்றிலும் மரவேலி, பார்க்கிறவர்களுக்குப் பரண்கள், தங்குவதற்கு 22 கூடாரங்கள். நடுவர் இருவர்: பெரோ பார்பா, கோமெஸ் ஆரியாஸ் தெ கிஞோனெஸ். களத்தில் யாரும் குரல் கொடுத்து எந்தப் பக்கத்துக்கும் யோசனை சொல்லக்கூடாது. சொன்னால் நாக்கை அறுப்பார்கள், சைகை காட்டினால் கையை வெட்டுவார்கள் என்று தண்டோரா. எங்கள் அலுவலக வாசலில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் பாதி பாகப்பிரிவினைகள் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

இங்கேதான் என் ஆள் வருகிறார். பெரோ ரோத்ரிகேஸ் தெ லேனா, அரசரின் எழுத்தர். இன்னார் சொன்னார், இன்னார் செய்தார் என்று சான்று எழுதுவதுதான் தொழில். அவரை அங்கே உட்காரவைத்ததுதான் சுவேரோ செய்ததிலேயே பெரிய காரியம் என்பேன். மோதுவது என்றால் யாரும் மோதலாம். மோதினதற்கு ரிக்கார்டு யாரிடம் இருக்கிறது?

லேனா எழுதியது வர்ணனைப் பாட்டு இல்லை. புரோநோட்டின் பின்புறம் வரவு வைப்போமே, அந்த மாதிரி. இன்ன தேதி, இன்னார் இன்னாரோடு, முதல் ஓட்டத்தில் ஈட்டி தோள்கவசத்தில் பட்டு வழுக்கியது, முறியவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் இருவரும் தவறினார்கள். மூன்றாவதில் இன்னார் ஈட்டி இத்தனை துண்டாக முறிந்தது. இப்படியே பக்கம் பக்கமாக. மகள் பாதியில் சலித்துப்போனாள். "அப்பா, எல்லாமே ஒரே மாதிரி இருக்கு" என்றாள். எனக்குச் சலிக்கவில்லை. ஒரே மாதிரி இருந்தால்தான் பத்திரம்.

அந்த ஓட்டத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்ததுபோல யோசித்துப் பார்த்தேன். ஜூலை மாத வெயில். உடம்பு முழுக்க இரும்பு, தலையில் இரும்பு, பார்ப்பதற்கு ஒரு கீறல் இடைவெளி. குதிரை பாய்கிறது, எதிரே இன்னொரு குதிரை. ஈட்டியை அக்குளில் இடுக்கி, நுனி ஆடாமல் பிடித்து, எதிராளியின் மார்புக்கோ தோளுக்கோ குறி வைக்கவேண்டும். படுகிற கோணம் கொஞ்சம் தவறினாலும் இரும்பின் மேல் இரும்பு வழுக்கிக்கொண்டு போகும். ஈட்டி முறிந்தால்தான் அடி நேராக விழுந்தது என்று அர்த்தம். முறியாவிட்டால் திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து. கனம், நடுத்தரம், மெலிசு என்று மூன்று வகை ஈட்டி வைத்திருந்தார்கள். எடுப்பது அவரவர் விருப்பம்.

முதலில் வந்து நின்றவர்கள் ஒரு ஜெர்மானியரும் வலென்சியாவைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவரும். அப்புறம் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் யாத்ரீகர்கள், சிலர் இதற்கென்றே வந்தவர்கள். சுவேரோவுக்கு இது போதவில்லை. ஒரு நாள், மூன்று கவசப் பகுதிகளைக் கழற்றிவிட்டுத்தான் மோதுவேன் என்று கிளம்பியிருக்கிறான். நடுவர்கள் சம்மதிக்கவில்லை. ஷரத்தில் இல்லாததைக் களத்தில் சேர்க்கக்கூடாது என்று உறுதியாக நின்றுவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு அன்றைக்கே மரியாதை வந்துவிட்டது.

முடிவதற்குச் சில நாள் முன்பு அஸ்பெர்ட் தெ கிளாரமுந்து என்ற அரகோன்காரர் வந்தார். சுவேரோவின் தோழர்களில் ஒருவரோடு மோதினார். அவர் பெயரும் சுவேரோ, ஆல்வர் கோமெஸ் என்பவரின் மகன். ஒன்பதாவது ஓட்டம். ஈட்டி நுனி முகமூடிக் கீறல் வழியே இடது கண்ணுக்குள் போய்விட்டது. குதிரையிலிருந்து இறக்கும்போதே உயிர் இல்லை. இப்படிப்பட்ட பந்தயச் சண்டையில் செத்தவர்களைத் திருச்சபை மண்ணில் புதைக்கக்கூடாது என்று 1130-இல் கிளெர்மோனில் கூடிய சங்கமே விதித்திருந்தது. கூட இருந்த துறவிகள் மறுத்தார்கள். அஸ்தோர்காவின் ஆயரிடம் ஆள் அனுப்பினார்கள். அவரும் அனுமதி தரவில்லை. கடைசியில் பாலத்தருகே ஒரு சின்னக் கோயிலை ஒட்டி, புனிதப்படுத்தாத மண்ணில் புதைத்தார்கள். லேனா அதையும் எழுதிவைத்தார். ஒன்பதாவது ஓட்டம் என்று எண்ணோடு.

ஆகஸ்ட் 9-ஆம் தேதி கெடு முடிந்தது. தோழர்களில் அநேகமாக எல்லோருக்கும் காயம், சுவேரோவுக்கும்தான். வந்து மோதியவர்கள் 68 பேர். ஓட்டங்கள் 727. முறிந்த ஈட்டிகள் 166.

நோட்டுப் புத்தகத்தில் இந்த மூன்று எண்களையும் எழுதிவிட்டு அன்று ராத்திரி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 727 ஓட்டத்தில் 166 என்றால் நாலே கால், நாலரை ஓட்டத்துக்கு ஒரு ஈட்டி. அது போகட்டும். ஆளுக்கு மூன்று ஈட்டிதான் என்பது ஷரத்து. முந்நூறு முறிய வேண்டுமென்றால் குறைந்தது நூறு பேர் வந்திருக்க வேண்டும். வந்தது 68. அந்த 68 பேரும் ஆளுக்கு மூன்று முழுசாக முறித்திருந்தாலும் 204. ஆக, எத்தனை வீரமாக மோதியிருந்தாலும் தொகை தீர்ந்திருக்காது. பாக்கி 134.

மறுநாள் காலையில் மகளிடம் சொன்னேன். "அதனால என்னப்பா? விட்டுட்டாங்க" என்றாள்.

விட்டுவிட்டார்கள்தான். சுவேரோ நடுவர் முன் போய் நின்று, காயத்தால் மீதியை நிறைவேற்ற முடியாமல் போயிற்று, கெடுவும் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, கழுத்து வளையத்தைக் கழற்ற உத்தரவு கேட்டான். நடுவர்கள் சம்மதித்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் வளையம் கழற்றப்பட்டது. என் தொழிலில் இதற்குப் பெயர் பாக்கியைத் தள்ளுபடி செய்து ரசீது கொடுப்பது. கடன் கொடுத்தவர் தள்ளுபடி செய்தால் செல்லும். நடுவர்கள் கடன் கொடுத்தவர்களா? கடன் கொடுத்தவள் அந்தச் சீமாட்டி. அவளிடம் யாரும் கேட்டதாக ரிக்கார்டில் இல்லை.

இதில் லேனாவை மெச்சவேண்டும். கூலி கொடுத்தவர் வீட்டு விசேஷம். முந்நூறு என்று எழுதியிருந்தால் யார் போய் எண்ணப்போகிறார்கள்? துண்டுகளை அடுப்புக்கு எடுத்துப்போயிருப்பார்கள். 166 என்றே எழுதினார். அவர் அப்படி எழுதியதால்தான் மற்றதையும் நம்ப முடிகிறது. முந்நூறு என்று இருந்தால் நானே இதைக் கட்டுக்கதை என்று தள்ளியிருப்பேன்.

அவர் எழுதியதைச் சுருக்கி ஹுவான் தெ பினேதா என்ற துறவி 1588-இல் சலமாங்காவில் அச்சிட்டார். 1605-இல் செர்வான்டிஸின் 'டான் குயிக்ஸாட்' முதல் பாகம் வந்தது. அதில் ஓரிடத்தில் டான் குயிக்ஸாட்டோடு ஒரு பாதிரியார் வாதம் பண்ணுகிறார்: வீரர் கதைகள் எல்லாம் பொய், யாரும் அப்படி வாழ்ந்ததில்லை என்று. டான் குயிக்ஸாட் ஆத்திரத்தோடு உண்மையாக நடந்ததையும் கதையில் நடந்ததையும் கலந்துகட்டி ஆதாரமாக அடுக்குகிறான். அந்த அடுக்கில் சுவேரோவின் பாலமும் வருகிறது. புகழ்தான் தேடினான், கிடைத்துவிட்டது; பைத்தியக்காரன் ஒருவனின் சாட்சிப் பட்டியலில்.

இதே அடுக்கில் இன்னொரு பெயரும் இருக்கிறது. குத்தியேரே கிஹாதா. அவருடைய நேர் ஆண் வாரிசு நான் என்கிறான் டான் குயிக்ஸாட். இந்தக் கிஹாதா உண்மையில் வாழ்ந்த ஆள். ஓர்பிகோ களத்தில் வந்து மோதியவர்களில் ஒருவர். பாலத்துச் சண்டை முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் கழித்து சுவேரோ கொல்லப்பட்டான். கொன்றது கிஹாதாவின் ஆட்கள். அந்தச் சாவில் வேலியும் இல்லை, நடுவரும் இல்லை, லேனாவும் இல்லை. எத்தனையாவது அடியில் விழுந்தான் என்று எழுதிவைக்க ஆளில்லாமல் போனான்.

சீமாட்டி யார் என்பதற்கு வருவோம். சுவேரோ பிறகு லெயோனோர் தெ தோவார் என்பவளைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளேதான் என்று பலரும் சொல்கிறார்கள். சொல்லலாம். பத்திரத்தில் பெயர் இல்லை. எழுதிக் கொடுப்பவர் பெயர் இருக்கிறது, தகப்பனார் பெயர் இருக்கிறது, சாட்சிகள் இருக்கிறார்கள், ஈட்டி முனை எந்த ஊர் எஃகு என்பது கூட இருக்கிறது. யாருக்காக என்ற இடம் காலி. என் மேசைக்கு இப்படி ஒரு பத்திரம் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

விடுதலைக்குப் பிறகு சுவேரோ சாந்தியாகோவுக்குப் போய்க் காணிக்கை செலுத்தினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. பொன் பூசிய ஒரு பட்டை, அதில் எழுத்துப் பொறித்திருக்கிறது. அது இன்றைக்கும் அந்தப் பேராலயத்தில் ஒரு மார்பளவுச் சிலையின் கழுத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிலை, யாரைப் பார்க்க யாத்ரீகர்கள் வருகிறார்களோ அந்தப் பெரிய யாக்கோபினுடையது இல்லை; அதே பெயருள்ள இன்னொரு அப்போஸ்தலர், சின்ன யாக்கோபு. பெயர் ஒன்றாக இருந்தால் என்ன குழப்பம் வரும் என்று எனக்குத் தெரியும். ஒரே தெருவில் நாலு சுப்பிரமணியன் இருக்கிற ஊர்க்காரன் நான்.

ஓர்பிகோவில் இப்போது ஒவ்வொரு ஜூன் மாதத் தொடக்கத்திலும் பாலத்தடிப் புல்தரையில் வேஷம் கட்டி அந்தச் சண்டையை நடத்துகிறார்களாம். நாங்கள் போனது வேறு மாதம். புல்தரையில் ஒரு நாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கோயில் மணிக்கூண்டின் மேல் நாரைக்கூடு.

பாலத்தின் முனையில் ஒரு காபிக்கடை. முதுகில் மூட்டையோடு ஒரு யாத்ரீகர் உள்ளே வந்தார். காலில் செருப்புக் கடித்த காயத்துக்குப் பிளாஸ்திரி. காபி கேட்பதற்கு முன்னால் பையிலிருந்து மடிப்பு மடிப்பாக ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். வழியில் தங்கிய ஊர்களின் முத்திரையெல்லாம் அதில் வாங்கவேண்டும். இவற்றைக் காட்டினால்தான் சாந்தியாகோவில் நடந்து வந்ததற்குச் சான்றிதழ் கொடுப்பார்கள் என்று மகள் சொன்னாள். கடைக்காரப் பெண் முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றி ஒரு குத்துக் குத்தினாள். பேனாவால் தேதி எழுதினாள். அவர் அதை மை காய ஊதிக்கொண்டே எங்கள் மேசைப் பக்கமாக வந்தார். எட்டிப் பார்த்தேன். முத்திரை தலைகீழாக விழுந்திருந்தது. தேதி சரியாக இருந்தது.